யாழினியின் முடி

யாழினியின் அப்பாவுக்கு,

ஆலை வாசலில் கரும்பு லோடோடு வரிசையில் நிற்கிறீர்கள். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் சோற்றுத் தூக்கோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை என்று உங்கள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பிழைத்தால் அவள் முடியைத் தருவதாக நீங்கள் வேண்டிக்கொண்டீர்களாம். நோய் எனக்கு, வேண்டுதல் உங்களுடையது, முடி மட்டும் அவளுடையதா?

"சாமி கடன வச்சிக்கினா வூட்டுக்கு ஆவாது. முடி இன்னா, தானா மொளைக்கும்டி" என்கிறார் உங்கள் அம்மா. யாரிடம் சொல்கிறோம் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

கீமோ முடிந்துவிட்டது, இனி எல்லாம் பழையபடிதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்கள். எனக்கு லேசாகத் தலை வலித்தாலும் திரும்ப வந்துவிட்டதோ என்றுதான் தோன்றுகிறது. நேற்று ஜடை பின்னும்போது யாழினி கேட்டாள்: "மொட்ட அடிச்சா எனக்கும் உன்ன மாதிரி வாந்தி வருமாம்மா?"

ரிப்பனைக் கட்டிவிட்டேன்.

நான் படுத்துக் கிடந்த தலையணையில் இன்னொரு மொட்டைத் தலையை என்னால் பார்க்க முடியாது.

நீங்கள் இதைப் படிக்கும்போது நாங்கள் இருவரும் சங்கராபுரத்தில் என் அம்மா வீட்டில் இருப்போம். கூட்டிப்போக வருவதானால் மொட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். வேண்டிக்கொண்டவர் நீங்கள், மீசையோடு சேர்த்துக் கொடுங்கள். அதுவும் போதாது என்று அம்மன் கேட்டால், விரற்கடை அளவு முளைத்திருக்கும் என் முடியையும் எடுத்துக்கொள்ளட்டும். மொட்டை எனக்குப் பழகியதுதான்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா