குடைப் படம் போட்ட வாரம்

மிஸ்டர்,

இன்னைக்குக் காலையில இந்தப் பாலைவனத்து ருவைஸ்ல மழை. கால் மணி நேரம்தான். மாசக்கணக்கா சும்மா கிடந்த வைப்பர், கண்ணாடித் தூசியைச் சேறாக்கி அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்துச்சு. பஸ்ஸில இருந்த பயலுகள் எல்லாம் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கிட்டு ஒரே கூத்து. எனக்கு மட்டும் வாயில வந்தது வேற: "அடடா, பனி போச்சே."

பின்னாடி இருந்து ஒருத்தன் கேட்டான். "பாய், ருவைஸ்ல ஏது பனி? ராத்திரி சரியாத் தூங்கலையா?"

அவனுக்கு என்னத்தைச் சொல்ல. உங்களுக்குச் சொன்னாப் புரியும், அதான் எழுதுறேன். நான் அஞ்சாவதோட நின்னவன். எழுத்து கோணல்மாணலாத்தான் வரும். ஆனா உங்களுக்குத் தமிழ் தெரியாது, தப்புக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வசதி வேற யாருக்கு எழுதினாலும் கிடைக்காது.

பிளான்ட்டை நிறுத்தி எல்லாத்தையும் கழற்றி மாட்டுற ஷட்டவுன் வேலைக்கு ஜப்பான்ல இருந்து வந்தவர் நீங்க. உங்களைக் கேம்ப்ல ஏத்தி சைட்டுல இறக்குறது என் டூட்டி. முதல் நாளே "டிரைவர்-சான்"ன்னு கூப்பிட்டீங்க. அந்த சான் என்னன்னு ஸ்டோர்ல இருக்கிற குலம் அண்ணன்கிட்டக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷ் நல்லா வரும். என்னை நானான்னுதான் கூப்பிடுவார், அவங்க பக்கம் முஸ்லிம் அண்ணனுக்கு அப்படி.

"அது மரியாதை நானா. இஞ்ச ஒருத்தரும் உனக்குத் தராததை அந்த மனுசன் தாறார். வாங்கி வை" என்றார்.

குலம் அண்ணன் ஸ்டோர்லதான் பிரிண்டர். தினமும் காலையில உங்களுக்கு ஒரு தாள் வரும், அதை எடுத்துக்கிட்டு வர்றதும் நான்தான். முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனா கட்டம் கட்டமாப் படம் போட்டிருக்கும். சூரியன் வெயிலு, பஞ்சு மேகம், குடை மழை, பனிப்பொம்மை பனி. பக்கத்துல ஒரு நம்பர். படிக்காத எனக்குன்னே யாரோ செஞ்ச மாதிரி இருந்துச்சு. இந்தக் கம்பெனியில வந்த காகிதங்கள்ல நான் முழுசாப் படிச்சது அது ஒண்ணுதான்.

அந்த நம்பர் உங்க ஊர் மலையில எத்தனை சென்டிமீட்டர் பனி மிச்சமிருக்குங்கிற கணக்கு. உங்க மகளுக்கு அப்ப பதினாறு வயசு. சீசன் கடைசி நாள் ரெண்டு பேரும் சேர்ந்து பனியில சறுக்குவோம்னு வாக்குக் கொடுத்து, மூணு வருசமா ஏதாவது ஒரு நாட்டுல ஏதாவது ஒரு மெஷின் உங்களை விடலை. நாலாவது வருசமும் வரலைன்னா இனிமே கேக்க மாட்டேன்னு அந்தப் பிள்ளை சொல்லிடுச்சாம். அதைச் சொல்லும்போது ஹெல்மெட்டைக் கழற்றி மடியில வச்சுக்கிட்டீங்க. மலை மேல ஆளை ஏத்துற லிஃப்ட் மே மாசம் முதல் வாரம் வரைக்கும் ஓடும், பனி அதுவரைக்கும் தாங்கினா. உங்க லீவு ஷட்டவுன் முடிஞ்ச பிறகுதான். ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் பனி, எது முந்தும்னு ஓட்டம்.

நமக்கு விளையாட்டுக் கேக்கவா வேணும். பிக்கப்போட பின் கண்ணாடித் தூசியில தினமும் அந்த நம்பரை விரலால எழுத ஆரம்பிச்சேன். நூத்தி நாற்பது. நூத்தி இருபத்தாறு. ஒரு வாரத்துல சைட்டு முழுக்கப் பரவிடுச்சு. சாரம் கட்டுறவன், வெல்டர், எல்லாரும் தங்க ரேட்டு கேக்குற மாதிரி, "பாய், இன்னைக்கு எவ்வளவு, ஏறுமா இறங்குமா?" என்பாங்க. கேட்டுல செக்யூரிட்டி, இது என்ன நம்பருன்னான். மிஸ்டரோட பிரஷர்னு சொன்னேன். அன்னையில இருந்து உங்களைப் பார்த்தா அவன் தனியா ஒரு சல்யூட் வச்சானே, காரணம் அதுதான்.

மணல்காத்து அடிச்சு வேலை நின்ன அன்னைக்கு, வண்டிக்குள்ள உட்கார்ந்து ஒரு போட்டோ காட்டுனீங்க. பனி பழுப்பா, டீத்தூள் தூவின மாதிரி. "ஸ்பிரிங் டைம், சாண்ட் கம். டார்க் ஸ்னோ, ஜல்தி ஃபினிஷ்" என்றீங்க. எங்கேயோ இருக்கிற பாலைவனத்து மண்ணு காத்துல வந்து உங்க பனியில படுமாம், நிறம் கருத்தா சீக்கிரம் உருகுமாம். "மிஸ்டர், ஐ நோ சென்ட்" என்றேன், நான் அனுப்பலைன்னு. அரை நிமிசம் கழிச்சுத்தான் சிரிச்சீங்க. உங்களுக்கு எப்பவும் சிரிப்பு லேட்டாத்தான் வரும், வந்தா நிக்காது.

அப்புறம்தான் அந்தக் குடை வாரம்.

நம்பர் எழுபதுக்கு இறங்கியிருந்துச்சு. வேலை எப்படியும் முடிஞ்சிடும், டிக்கெட்டும் போட்டாச்சு. ஒரு வாரமா தாள்ல வெறும் சூரியன். வெயிலு தின்னுடும்னு எனக்கு வயித்தெரிச்சல். அன்னைக்குத் தாளை எடுத்தா, கடைசி மூணு கட்டத்துலயும் குடை. மூணாவது கட்டம்தான் நீங்க மகளோட சறுக்க வேண்டிய சீசன் கடைசி நாள். நான் ராமநாதபுரத்துக்காரன், மிஸ்டர். கண்மாய் காஞ்சு கிடக்கிற ஊருல பிறந்து, பாலைவனத்துல வண்டி ஓட்டுறவன். மழை வந்து கெட்டுப்போன ஒண்ணை நான் பார்த்ததில்லை. மழை வந்தாக் குளிரும், குளிர்ந்தாப் பனி நிக்கும். இதுக்கு மேல என்ன யோசிக்க? குலம் அண்ணனையும் இழுத்துக்கிட்டு, கேன்டீன்ல எல்லாருக்கும் டீயும் சமோசாவும் சொல்லி ஊர்வலமா வந்தேன்.

"மிஸ்டர், முபாரக். ரெயின். த்ரீ டேஸ்."

தாளைப் பார்த்தீங்க. அப்படியே பைப்பு மேல உட்கார்ந்துட்டீங்க. "டிரைவர்-சான். ரெயின் கம், ஸ்னோ கலாஸ்."

கலாஸ்னா தீர்ந்துச்சுன்னு தெரியும், மழை வந்தா ஏன் தீரும்னுதான் எங்களுக்குப் புரியலை. எந்திரிச்சுப் போய் ஐஸ் பெட்டியில இருந்து நொறுங்கின ஐஸை ஒரு தட்டுல அள்ளுனீங்க. பாட்டில் தண்ணியை மேல மெதுவா ஊத்துனீங்க. ஊத்துன இடமெல்லாம் குழி விழுந்து ஐஸ் உட்கார்ந்துச்சு. கையில சமோசாவோட எட்டுப் பேர் நிக்கிறோம், ஒருத்தனும் கடிக்கலை. குலம் அண்ணன் என் காதுகிட்ட வந்து, "நானா, செத்த வீட்டுக்கு லட்டுக் கொண்டு வந்திருக்கிறாய்" என்றார்.

எங்க மூஞ்சிகளைச் சுத்திப் பார்த்தீங்க. அப்புறம் நான் கத்துக்கொடுத்த ஒரே தமிழை எடுத்து விட்டீங்க. "சாப்டாச்சா?" நீங்களே முதல் சமோசாவை எடுத்துக் கடிச்சீங்க. அப்பதான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. நான் பேனாவை வாங்கி, அந்த மூணு குடைக்கும் கண்ணு மூக்கு வச்சு, உருண்டையா வயிறு போட்டுப் பனிப்பொம்மையாக்கிக் கொடுத்தேன். மூணாவதுக்கு என் மீசை. தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சீங்க.

அபுதாபி ஏர்போர்ட்டுல உங்களை இறக்கிவிட்ட அன்னைக்கு, பின் கண்ணாடியில அம்பத்தி ரெண்டு. வண்டியைப் பார்த்துக் குனிஞ்சு வணக்கம் வச்சீங்க. எனக்கா வண்டிக்கான்னு இன்னும் தெரியலை.

சீசன் கடைசி நாள் காலையில கேம்ப் வாசல்ல ஆள் ஏத்திக்கிட்டிருக்கேன், போன் அடிச்சுது.

"டிரைவர்-சான். ரெயின்."

ஏத்துறதை நிறுத்திட்டுக் கேட்டேன், "லிஃப்ட் கலாஸ்?"

"லிஃப்ட் ஓகே. பீப்பிள் மாஃபி. ரெயின், நோபடி கம். ஹோல் மவுன்டன், மை டாட்டர், மீ. ஒன்லி டூ."

பின்னாடி ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தம். நீங்க போனைக் கீழே பிடிச்சீங்க போல. ஈரச் சீனி மூட்டையில கரண்டியை விட்டு இழுக்கிற மாதிரி, சரக், சரக்னு ஒரு சத்தம். என் வாழ்நாள்ல பனியை நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கேன்.

"யூ ரைட்" என்றீங்க. "ரெயின் குட்."

போன வருசம் நீங்க இறந்து போயிட்டீங்கன்னு உங்க மக எழுதின கடிதம் குலம் அண்ணன் ஸ்டோருக்குத்தான் வந்துச்சு. அவர்தான் படிச்சுச் சொன்னார். அந்தக் கடைசி நாள்ல, லிஃப்ட்டுக்குக் கீழே தரை தெரிஞ்ச இடத்துல, காட்டு நிழல்ல கிடந்த பனியை ஆளுங்க அள்ளிக் கொண்டுவந்து போட்டாங்களாம். குப்பைப் பையில ஓட்டை போட்டு, மழைக்கோட்டு மாதிரி ரெண்டு பேரும் தலைவழியா மாட்டிக்கிட்டீங்களாம். சாயங்காலம் லிஃப்ட் நிக்கிற வரைக்கும் மலையை விட்டு வரலையாம். "தகப்பன்ர குளிர்ச்சட்டைப் பையில மீசை வைச்ச ஒரு பொம்மைப் படம் கிடந்ததாம் நானா. ஆரெண்டு கேக்கிறாள்" என்று என்னைப் பார்த்தார் அண்ணன். நான் மீசையைத் தடவிக்கிட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். துக்கக் கடிதத்தைப் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்களேன்னு ஸ்டோருக்கு வந்தவன் பயந்து போயிட்டான்.

இன்னைக்கு மழை விட்டதும் பஸ்ஸை ஓரங்கட்டி எல்லாருக்கும் டீ சொன்னேன். ஆபீசுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்தேன். எப்பவும் சித்திரையில போறவன், இந்தத் தடவை ஐப்பசிக்குக் கேட்டிருக்கேன். மகளுக்குப் போன் போட்டேன்.

"ஐப்பசியிலயா? அடைமழையா இருக்குமே வாப்பா. யாரும் வெளியிலயே வர மாட்டாங்க. எங்கேயும் போக முடியாது."

"அதுக்குத்தான் வர்றேன். ரெண்டு குப்பைப் பை எடுத்து வை" என்றேன்.