பிரிஜெட்டுக்கு கோல்ட் ஃபீட்

சிவாஜிநகர், பெங்களூர்

அன்பு மகள் மகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பா, நான், தம்பி முகேஷ் மூவரும் சௌக்கியம், அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தம்பி கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது மகா, பதறாதே, எல்லாம் சரியாகிவிட்டது, போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து பேசுவார் என்றுதான் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை காலை முகேஷ் போனைப் பார்த்துவிட்டு முகம் செத்து உட்கார்ந்துவிட்டான். என்னடா என்றால், "பிரிஜெட்டுக்கு கோல்ட் ஃபீட்டாம்மா, என்னை ஒண்ணும் கேக்காதே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டான். கல்யாணப் பெண்ணுக்குக் கால் சில்லிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா, மிளகு ரசம் வைத்து, அப்பாவின் கம்பளி சாக்ஸையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து விவேக் நகரில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் கையில் சாக்ஸைக் கொடுத்து, "மொதல்ல இத போடு கண்ணு, கால் சூடாவட்டும்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்படியே அழவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு காரியத்துக்குச் சரி சொல்லிவிட்டு அது நெருங்கும்போது பயந்து பின்வாங்குவதுதான் கோல்ட் ஃபீட்டாம், காலுக்கு ஒன்றுமில்லையாம்.

என்ன பயம் என்று கேட்டால், எல்லாம் உன் அப்பா வேலை. அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "கல்யாணத்துக்கு அப்புறம் பொம்மசந்திரா வரைக்கும் எதுக்கும்மா வேலைக்கு அலையணும்" என்றிருக்கிறார். "இன்னிக்கு வேலைய விடுன்னா, நாளைக்கு சர்ச்சுக்குப் போவாதேம்பீங்களோன்னு பயமாயிடுச்சு ஆன்ட்டி" என்றாள். "அவரு சொன்னா ஆச்சா? நீ வேலைக்கும் போ, சர்ச்சுக்கும் போ, ரிட்டையர் ஆயி சும்மாதானே இருக்காரு, அவரே சமைக்கட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அதற்கு கோல்ட் ஷோல்டர் என்று பெயராம், முகேஷ் சொன்னான், இந்த இங்கிலீஷ்காரர்களுக்குக் குளிரை விட்டால் வேறு வார்த்தையே கிடையாதா? மறுநாள் அப்பாவே பிரிஜெட்டுக்கு போன் போட்டு, "தப்பா பேசிட்டேம்மா, மனசுல வெச்சுக்காதே" என்றார். அவள் உடனே, "போனை அத்தைகிட்ட குடுங்க மாமா" என்றாள். அத்தை என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜனவரிக் கல்யாணத்துக்கு லீவு சொல்லிவிட்டாயா, டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. இருவரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருங்கள். இனிமேல் கோல்ட் என்று மெசேஜ் அனுப்பினால் சளியா, பயமா, என்மேல் கோபமா என்று தமிழில் எழுது, அதற்கேற்றபடி நான் புறப்பட்டு வர வேண்டும்.

உன் அம்மா,
தமயந்தி