காலிக் கட்டம்

கரமனை
3 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் எங்களை விட்டுப் புனேக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் எழுதிய நான்கு மெயிலுக்கும் பதில் இல்லை. ஆனால் உங்கள் கம்பெனி மென்பொருளின் மேனுவல் பக்கங்களில் பிழை சொல்கிறவர்களுக்கு மறுநாளே பதில் எழுதுகிறீர்கள். அந்தப் பதில்கள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அதனால் நானும் ஒரு பிழை கண்டுபிடித்தேன்.

'அச்சிடுதல்' பக்கத்து அட்டவணையில் ஒரு விளக்கம் நீளமாகி, பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது என்று படித்து, திருத்தி இணைத்திருக்கிறேன்.

இங்கே நல்ல மழை. உங்கள் குடை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அம்மா அதை எடுப்பதில்லை.

உங்கள்
ஸ்நேகா


4 நவம்பர் 2025

ஸ்நேகா,

திருத்தம் சரி. சேர்த்துவிட்டேன். சுத்தமான வேலை. ஒன்பதாம் வகுப்புக்கு இது அதிகம்.

நாகேஸ்வரன்


கரமனை
8 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்தாம் வகுப்பு, அப்பா. பரவாயில்லை. அதற்குப் பிறகு ஆறு பிழை அனுப்பினேன், ஆறுக்கும் நன்றி வந்தது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இத்துடன் இணைத்திருப்பது என் சொந்த அட்டவணை. 17ஆம் தேதி சனிக்கிழமை ஸ்கூல் ஆண்டுவிழா. கட்டுரைக்கு எனக்கு முதல் பரிசு! பரிசு வாங்குகிறவர்களின் பெற்றோருக்கு முன்னால் நாற்காலி, அப்பாக்களுக்கு ஒரு வரிசை, அம்மாக்களுக்கு ஒரு வரிசை. பட்டியல் போடும் வேலையை ஷில்பா டீச்சர் எனக்குத் தந்தார். "ஸ்நேகா, அச்சன் வருமோ?" என்று, அப்பா வருவாரா என மலையாளத்தில் கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

மாணவி, அப்பா, அம்மா என்று மூன்று தலைப்பு. உங்கள் பதில் வரட்டும் என்று உங்கள் கட்டத்தைக் காலியாக விட்டேன். உங்கள் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தால் அம்மாவின் பெயர் அங்கே வந்து நிற்கிறது. என்கூடப் பரிசு வாங்கும் ஆர்ஷாவின் வரி ஒழுங்காக இருக்கிறது, என் வரி மட்டும்தான் இப்படி. எங்கே தப்பு?

வருவீர்களா?

உங்கள்
ஸ்நேகா


9 ஜனவரி 2026

ஸ்நேகா,

காலிக் கட்டத்துக்கும் ஒரு முறை டேப் விசையை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அடுத்த பெயர் நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். திருத்தி இணைத்திருக்கிறேன். இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

நாகேஸ்வரன்


கரமனை
18 ஜனவரி 2026

அப்பாவுக்கு,

நீங்கள் திருத்திய கோப்பை அன்றே திறந்தேன். அம்மா தன் கட்டத்துக்குப் போயிருந்தாள். உங்கள் கட்டம் காலியாகவே இருந்தது. கடைசி வரை உருட்டிப் பார்த்தேன். வேறொன்றும் எழுதவில்லை நீங்கள்.

ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, டீச்சரிடம் என் பழைய கோப்பையே கொடுத்தேன்.

நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். அப்பாக்கள் வரிசையில் ஆர்ஷாவின் அப்பாவுக்குப் பக்கத்தில் 'அனந்தலக்ஷ்மி' என்று அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா அங்கே வந்ததும் அவர் பதறி எழுந்து, "ஐயோ சேச்சி, ஸீட் மாறிப்போயி" என்றார். அம்மா பெயர்ச்சீட்டைப் பார்த்தாள். மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"மாறலை. என் இடம்தான்" என்று உட்கார்ந்தாள்.

என் பெயரைக் கூப்பிட்டபோது அம்மா கைதட்டிய சத்தம் மேடை வரை தனியாகக் கேட்டது. திரும்பி வரும்போது மழை. வீட்டில் குடையை ஆணியிலிருந்து எடுத்து, பால் வாங்கப் போனாள்.

அந்தப் பட்டியலில் இருப்பது பிழை இல்லை, அப்பா. திருத்தி அனுப்ப வேண்டாம்.

உங்கள் மேனுவலில் 'நிறுவுதல்' பக்கத்து அட்டவணையும் கோணலாகத்தான் இருக்கிறது. வேறு யாராவது சொல்வார்கள்.

ஸ்நேகா