சவரக்கடை நாற்காலியில் பல் வைத்தியம்

கத்தரி பிடித்த கையால் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்த என் அப்பாவுக்கு,

நேற்று என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கன்னம் வீங்கி வாய் திறக்க முடியவில்லை. இல்லாவிட்டால் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கத்தியே சொல்லியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் வந்துவிட்டார் அப்பா! இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களுக்கு எப்போதோ போனவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பல் இருக்கிறது என்பது சர்க்காருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

போன வாரம் அவருடைய உதவியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து சொன்னார். "தலை சாய்க்கிற கதிரை ஒண்டு நீங்கள்தான் பார்த்து வைக்க வேணும் டீச்சர். இல்லாட்டி டாக்டர் பல்லைப் பார்த்துப்போட்டுப் போயிடுவார். வைத்தியம் இராது."

எனக்கு உடனே பொன்னிதான் கண்ணில் நின்றாள். ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டேதான் வாய்ப்பாடு சொல்வாள். கஞ்சிகூட இறங்காமல் எலும்பும் தோலுமாகிவிட்டாள். தலை சாய்க்கிற நாற்காலி இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வேறு யாரிடம் இருக்கிறது? உங்கள் சவரக்கடையில்தான். வெள்ளைக்காரர்கள் கிளப்பிலிருந்து கழித்துப் போட்டதை வாங்கி வந்து, ஒரு மாதம் எண்ணெய் போட்டுத் துடைத்தீர்களே, அதேதான்.

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர், அரிசிக்கடை முதலாளி, குதித்தார். "சவரக்கடை நாற்காலி சரஸ்வதி பூஜை பண்ற இடத்துக்குள்ள வரக் கூடாது."

"ஏன் முதலாளி, வாராவாரம் அதுல சாஞ்சு எங்கப்பாகிட்ட கழுத்தை நீட்டினது யாரு லா?" என்றேன்.

"அது கடை. இது பள்ளிக்கூடம்."

அந்த வித்தியாசம் எனக்கா தெரியாது? இதே பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்க வந்த அன்று, நம் சாதிப் பிள்ளை படிக்கலாம், பெரியவர்கள் உள்ளே வரக் கூடாது என்று உங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். என்னை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெயிலில் நின்றீர்கள். ஏன் அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை? பேசினால் என் படிப்பு போய்விடும் என்றா?

நேற்றுக் காலை நாற்காலியை மாட்டுவண்டியில் ஏற்றி நானே கொண்டுபோய் வகுப்பறைக்குள் வைத்தேன். நம் தலைமையாசிரியர் ஓடி வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டார். "துணி மேலதானேம்மா உக்காரப் போறாங்க. இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." முதலாளியும் போனால் போகிறது என்று தலையாட்டினார்.

எனக்கு வந்ததே கோபம்! உங்கள் நாற்காலி என்ன பிணமா, துணி போட்டு மூட? வேட்டியை உருவி எறிந்தேன்.

அவ்வளவுதான். தாய்மார்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பொன்னியின் அம்மாவும்தான். "எவன் தன் பிள்ளையை உக்கார வைக்கிறான்னு பாக்குறேன்" என்றார் முதலாளி. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். என் வீம்பால் பொன்னிக்கு வைத்தியம் இல்லாமல் போய்விடுமோ?

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்தேன். "முதல்ல எனக்கு, டாக்டர். என் கடைவாய்ச் சொத்தையைப் பிடுங்குங்க."

பயமில்லையா என்று கேட்கிறீர்களா? பல் பிடுங்கும் குறட்டைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. கத்தினால் முதலாளிக்குச் சந்தோஷமாகிவிடும் என்றுதான் கத்தவில்லை. பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி எல்லாருக்கும் காட்டினேன். ரத்தத்தோடு சிரித்தேனாம். பார்க்கச் சகிக்கவில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார்.

பொன்னி அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்து ஏறினாள். அவள் அம்மா ஒரு கணம் நின்றாள், அப்புறம் முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். "எந்த நாற்காலியா இருந்தா என்ன, எம்புள்ள சாப்பிட்டாப் போதும்."

அப்புறம் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அந்த வேட்டியையும் வீணாக்கவில்லை. துண்டு துண்டாகக் கிழித்துப் பிள்ளைகளுக்கு வாய் துடைக்கக் கொடுத்தேன்.

இன்று பொன்னி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறதாம். நாற்காலியை எடுக்காவிட்டால் என்னை எடுத்துவிடுவார்களாம். பல் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இன்னும் பாக்கி இருக்கிறார்கள், டாக்டர் அடுத்த மாதம் மறுபடி வருகிறார். லயத்துத் தாய்மார்கள் வெள்ளிக்கிழமை தாங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொன்னியின் அம்மாதான் முதலில் சொன்னாள்.

உங்களை வாசலில் நிறுத்தினார்கள் அப்பா, நீங்கள் எனக்காக நின்றீர்கள். உங்கள் நாற்காலியை அந்த வாசலுக்கு வெளியே அனுப்ப விடமாட்டேன். இது சத்தியம்.

ஒரு பல் குறைந்த,
உங்கள் மகள்,
சவரக்கடை வீட்டு லட்சுமி டீச்சர்