பதிவேட்டில் எழுத ஒரு பெயர்

என் அன்புச் சின்னாச்சிக்கு,

லண்டன் வால்தம்ஸ்டோ கத்தோலிக்கக் கோயிலில் உனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த அன்று, வந்தவர்கள் என்னைப் பற்றி, "றோசலின் அன்ரி அவவைத் தன்ர தங்கச்சி மாதிரியெல்லோ வைச்சிருந்தவ" என்றார்கள். இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். முப்பத்தொரு வருடம் நீ எங்கள் வேலைக்காரி. குசினியில் அடுப்போரம் சாப்பிட்டாய், குசினியிலேயே படுத்தாய். என் கணவர் இறந்தபின் நான் லண்டனுக்கு மகளிடம் வந்தபோது, யாழ்ப்பாணத்து வீட்டைப் பார்த்துக்கொள் என்று திறப்பை உன் கையில் தந்துவிட்டு வந்தேன்.

போரில் சனம் இடம்பெயர்ந்தபோது நீயும் நடந்து, தங்கிய பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் இறந்தாயாம். அடக்கம் செய்த சுவாமியார் எனக்கு எழுதியிருக்கிறார். கோயிலின் அடக்கப் பதிவேட்டுக்கு உன் முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர் வேண்டும். இல்லாவிட்டால் மாத முடிவில் 'றோசலின் அம்மாவின் வேலைக்காரி' என்று எழுதிவிடுவார்.

எனக்கு மூன்றும் தெரியாது. சின்னாச்சி உன் சொந்தப் பெயரா, நாங்கள் வைத்ததா?

"வேலைக்காரி எண்டே எழுதட்டுமன் அம்மா. நீங்கள் கேக்காததை அவ இனி வந்து சொல்லப்போறாவே?" என்றாள் மகள்.

மரியாதையான வேறு சொல் தேடி நூலகத்துக்குப் போனேன். கொன்வென்ற் பள்ளிக்கூடத்துப் பழக்கம், எதற்கும் அகராதிதான். பழைய ஜெர்மானிய மொழிகளில் 'ஸ்கால்க்' என்றால் வேலையாள். குதிரை என்ற சொல்லோடு சேர்ந்து அது 'மார்ஷல்' ஆனது. லாயத்து வேலையாளின் பெயர் சேனாதிபதியின் பட்டமாகிவிட்டது. கடவுளோடு சேர்ந்து, பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரானது. தனியே நின்ற அதே சொல்லுக்கு ஜெர்மன்காரர் போக்கிரி என்று பொருள் கொடுத்தார்கள். என்னோடு சேர்ந்து உனக்கு என்ன கிடைத்தது, சின்னாச்சி?

அந்தச் சொல்லின் பிறப்பு உறுதியாகத் தெரியாது என்று அகராதி ஒத்துக்கொள்கிறது. ஆனால் அகராதிக்காரர் தேடிப் பார்த்துவிட்டு அப்படி எழுதினார்கள். நான் ஒருநாளும் கேட்கவில்லை. உன் இடது புருவத்துத் தழும்பு எப்படி வந்தது என்றுகூட.

வந்த அன்று நீ என்னை "அக்கா" என்றாய். "அம்மா எண்டு சொல்லப் பழகு" என்று திருத்தினேன். பிறகு நீ ஒருமுறைகூடப் பிழைவிடவில்லை.

பதிவேட்டில் 'வேலைக்காரி' என்று எழுத நான் சம்மதம் கொடுக்க மாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு. ஆனால் மாதம் முடியப்போகிறது, என் கையில் ஒன்றுமில்லை. அதனால்தான் இக்கடிதத்தைப் பத்திரிகையில் போடுகிறேன். இதை வாசிப்பவர்களில் சின்னாச்சியின் ஊரையோ உறவையோ அறிந்தவர் இருந்தால், இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

உன் அக்கா,
றோசலின்