கேட்டோர ப்ளக் பாயிண்ட்

20 ஜனவரி 2008, ஞாயிறு

பேப்பரில் ஒரு புதுக் கார் படம் போட்டிருக்கிறான். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடுமாம். விலையும் என்னைப் போன்ற சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகிற விலை. தீபாவளிக்குள் வந்துவிடுமாம். மூன்று தடவை படித்துவிட்டு, படத்தை வெட்டி பீரோ கதவில் ஒட்டினேன். "பொண்ணு பாக்க வந்தப்ப என் போட்டோவக்கூட நீங்க இப்படிப் பாக்கல" என்றாள் விஜயகுமாரி.

9 பிப்ரவரி

வாசல் கேட்டோரம் ப்ளக் பாயிண்ட் வைத்தாயிற்று, மழை படாமல் தகர மூடியோடு. கார் வந்தால் அங்கேயே நிறுத்தி சார்ஜ் போடலாம். புதுப்பட்டினத்தில் வேறு எவன் வீட்டில் இருக்கிறது?

2 மார்ச்

ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். எனக்கு ஆபீஸ் பஸ் இருக்கிறது. விஜயகுமாரிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாமல்லபுரத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். பிள்ளை பிறந்ததிலிருந்து பதினோரு வருஷம் வீட்டோடு கிடந்தவள். "தீபாவளி வரைக்கும் பஸ்ல போ. அப்புறம் கார்லயே போய் எறங்கு" என்றேன்.

19 ஜூன்

விஜயகுமாரி பள்ளிக்கூடம் போகிற பஸ் நிற்காமல் போய்விட்டதாம். லேட்.

24 ஜூலை

மறுபடி லேட்.

12 ஆகஸ்ட்

டீக்கடையில் ஆட்டோ முனிசாமி: "இன்னா ஹரி சார், உன் காரு வந்துகினே கீதா? எங்க, செங்கல்பட்டு தாண்டிட்ச்சா?" கடையே சிரித்தது. எரிச்சலில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

6 செப்டம்பர், சனி

செங்கல்பட்டு ஷோரூமுக்குப் போனேன். அடுத்த வருஷம்தானாம். விலை "கொஞ்சம்" ஏறுமாம். கொஞ்சம் என்றால்? இரண்டு மடங்கு! என்னத்தைச் சொல்ல.

இருந்தாலும் விடாமல், வீட்டில் ப்ளக் எல்லாம் ரெடி என்றேன். அங்கிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இந்த வண்டிக்கு ப்ளக்கே கெடையாது சார். ஓடுறப்பவே பேட்டரி தானா சார்ஜ் ஆயிடும்."

நான் வேலை பார்ப்பது எங்கே? அணுமின் நிலையத்தில், கரண்டு எடுக்கிற இடத்தில்! இருபத்திரண்டு வருஷமாக! ஸ்டோர்ஸில்தான், இருந்தாலும் — சுற்றி அத்தனை இன்ஜினியர், ஒருத்தனையாவது கேட்டேனா? ஆபீஸ்ல யார்கிட்டயும் மூச்சு விடாம அத்தனை பேரையும் அசத்தப் போறேன்னு... சே, நானெல்லாம் ஒரு ஆளு!

17 செப்டம்பர்

ஹெட்மிஸ்ட்ரஸ் சாராள் விஜயகுமாரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம்: "பசங்களுக்கு உங்க பாடம் புடிச்சிருக்கு டீச்சர். ஆனா இன்னொரு தடவ லேட்டா வந்தா வேற ஆளத்தான் பாக்கணும்."

சொல்லும்போது விஜயகுமாரி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன். "இருந்த ஸ்கூட்டர வித்துட்டு, வராத காருக்கு ப்ளக் வச்சீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

அந்தக் காருக்கு ப்ளக்கே தேவையில்லை என்பதையும் அப்போதே சொல்லித் தொலைத்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பீரோ கதவில் இருந்த கார் படத்தின் மேலேயே பள்ளிக்கூட டைம்டேபிளை ஒட்டிவிட்டுப் படுத்துவிட்டாள்.

28 செப்டம்பர், ஞாயிறு

காலையில் தனியாகச் செங்கல்பட்டு போனவள் சாயங்காலம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு பேட்டரி ஸ்கூட்டர்! லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். வேகம் சைக்கிளைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். "ஆறே முக்காலுக்குக் கெளம்பினா நேரத்துக்குப் போயிடலாம்" என்றாள். என்னிடம் அல்ல, ஸ்கூட்டரிடம் சொல்வதுபோல. நேராகக் கேட்டோரம் தள்ளிக்கொண்டு போய், தகர மூடியைத் தூக்கி, ஒயரைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.



27 அக்டோபர், தீபாவளி

கார் வரவில்லை. எப்போது வரும் என்று பேப்பரில் தேடவும் இல்லை.

சாராள் மேடம் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனோம். ஸ்கூட்டரை விஜயகுமாரி ஓட்டினாள், நான் பின்னால், டப்பா மடியில். டீக்கடையிலிருந்து முனிசாமி கத்தினான்: "சார், காரு வந்துட்ச்சு டோய்!" கையாட்டினேன்.

மேடம் என்னைப் பார்த்ததும், "நீங்கதானா அவரு? ஒரு மாசமா டீச்சர் லேட்டே இல்ல. வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே ப்ளக் பாயிண்ட் வச்சுக் குடுத்தீங்களாமே, டீச்சர் சொன்னாங்க" என்றார்கள்.

விஜயகுமாரி என் பக்கம் திரும்பவே இல்லை. டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

வீடு வந்ததும் அவளை முந்திக்கொண்டு போய் ஸ்கூட்டர் ஒயரைச் சொருகினேன்.