நேர்கோட்டுத் தூரம்

மார்ச் 4, செவ்வாய்

மின்விசிறி இன்றும் ஓடவில்லை. புகார் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது.

லிஃப்டில் ஒருவர் என் கழுத்து அட்டையைப் படித்துவிட்டு, "பயண உதவிப் பிரிவா? டூர் ஏதாவது கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. வெளியூர் நோயாளிகள் இங்குள்ள பெரிய மருத்துவமனைக்கு வந்து போகும் பேருந்துச் செலவையும் தங்கும் அறைச் செலவையும் அரசு கொடுக்கிறது, அந்த விண்ணப்பங்களைப் பார்ப்பதுதான் என் வேலை என்றேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார். பதினோரு வருடமாக இருக்கிறது.

மதியத்துக்குள் பதினான்கு விண்ணப்பங்கள் முடிந்தன. அதில் ஒருவர் பிளம்பர். தொண்டையில் புற்றுநோய், ஆறு வாரம் கதிர்வீச்சு. வரைபடத்தில் ஸ்கேலை வைத்தேன். 143 கிலோமீட்டர். உதவி கிடைக்கக் குறைந்தது 150 இருக்க வேண்டும். நிராகரிப்பு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 6, வியாழன்

இயக்குநர் அழைத்தார். புதுக் கொள்கை ஒன்று வந்திருக்கிறது. துறை அதிகாரிகள் விமானத்தில் போனால், அந்த விமானம் விடும் புகைக்கு ஈடாகத் துறையே பணம் கட்டி எங்கோ மரம் நடச் செய்ய வேண்டும். யார், எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர் பறந்தார் என்று மாதாமாதம் பட்டியல் போட வேண்டும். அதையும் என் தலையில் கட்டிவிட்டார்.

"தூரம் அளக்கிறதுல உங்களை விட்டா இங்க யாரு இருக்கா?"

பாராட்டா, பாரமா? இரண்டும்தான்.

பக்கத்து மேசைக்காரர் எதையும் சுருக்கித்தான் சொல்வார். அதனால் அவருக்குப் பெயரே சுருக்கர். சுற்றறிக்கையை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அ.வி.பு.ஈ." என்றார். அதிகாரிகள் விமானப் புகை ஈடு. நாலு மணிக்குள் அந்தப் பெயர் மாடி முழுக்கப் பரவிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

நடும் மரம் வளர எத்தனை வருடம் ஆகும் என்று சுற்றறிக்கையில் இல்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பிளம்பரின் தங்கை வந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சலவைக் கடையில் வேலையாம். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. நான் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள்.

"நூத்தி நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கீங்க மேடம். எங்க ஊர்லருந்து இங்க வர பஸ்ஸுக்கு இருநூத்தி இருபத்தி ஆறு கிலோமீட்டர். டிக்கெட்லயே அச்சடிச்சிருக்கு, பாருங்க."

விதியில் நேர்கோட்டுத் தூரம் என்றுதான் இருக்கிறது, சாலைத் தூரம் இல்லை என்றேன்.

"எங்க அண்ணனுக்கு என்ன, இறக்கையா முளைச்சிருக்கு? நடுவுல அவ்ளோ பெரிய அணை இருக்கே, உங்க ஸ்கேலுக்குத் தண்ணி தெரியாதா?"

சுருக்கர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். நான் விதிப் பக்கத்தைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு வாரம் எப்படியோ போய்ட்டு வந்தாரு. திங்கக்கிழமை வந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சுலதான் படுக்கை. அங்கயும் காவல்காரர் எழுப்பி விட்டுடறாராம். உங்க கடிதம் வந்ததும் மடிச்சு வச்சுட்டு, 'இனிமே போகல'ன்னுட்டாரு. நேத்து பஸ் ஏறல."

இயக்குநரிடம் மனு கொடுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு வரிதான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

மார்ச் 12, புதன்

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "நீ விதிப்படிதானே செஞ்சே? அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றார்.

விதிப்படிதான். ஆனால் அந்த விதியை எழுதியது யார்?

இதை இவரிடம் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் திட்டம் தொடங்கியபோது வரைவு எழுதக் கொடுத்தது என்னிடம்தான். சாலைத் தூரம் என்று வைத்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள், தகராறு வரும், நேர்கோடு என்றால் ஸ்கேலை வைத்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அப்போதிருந்த இயக்குநர் கூட்டத்திலேயே, "தெளிவா யோசிச்சிருக்காங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

மார்ச் 17, திங்கள்

அ.வி.பு.ஈ. பட்டியலைத் தொடங்கினேன். பிப்ரவரியில் ஆறு பேர் பறந்திருக்கிறார்கள். நேர்கோட்டிலேயே எல்லாவற்றையும் அளந்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்தேன். அப்புறம் சந்தேகம் வந்து சுற்றறிக்கையை மறுபடி படித்தேன்.

ஏழாவது பத்தி: "விமானம் உண்மையில் சென்ற வழித்தூரமே கணக்கில் கொள்ளப்பட வேண்டும். தரையிறங்குமுன் வட்டமிட்ட தூரமும் இதில் அடங்கும். நேர்கோட்டுத் தூரம் உண்மையான பாதிப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால் ஏற்கத்தக்கதன்று."

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்திருக்கிறேன் போல. சுருக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

இயக்குநர் போய்வந்த விமானம் மேகமூட்டத்தால் நாற்பது நிமிடம் வட்டமடித்திருக்கிறது. அந்த வட்டங்களையும் கூட்டினேன். புகைக்குக் கணக்கு வைப்பது தப்பே இல்லை, வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் ஆகாயத்தில் சும்மா சுற்றிய தூரமும் தூரம். பிளம்பர் அணையைச் சுற்றி வந்த தூரம் மட்டும் தூரம் இல்லையா? ஒரே துறை. ஒரே மேசை. அளந்தவளும் நான் ஒருத்திதான்.

மார்ச் 22, சனி

பிளம்பரின் ஊருக்குப் போய் வந்தேன். இவரிடம் அலுவலக வேலை என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.

காலை ஆறரைக்குப் பேருந்து. மூன்று மணி நேரம் கழித்து அணைக்கட்டின் கரை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னல் வழியாகக் கை நீட்டி, "அதோ, அக்கரையில வெள்ளையா ஒரு தண்ணி டேங்க் தெரியுது பாருங்க, அதான் நீங்க போற ஊரு" என்றார். வந்துவிட்டோம் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா சிரித்தார். "இப்பவே எதுக்குப் பையை எடுக்கறீங்க? இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

அந்த ரெண்டு மணி நேரமும் வெள்ளைத் தொட்டி கண்ணிலேயே இருந்தது. ஒரு தடவை இடது பக்கம், அப்புறம் பின்னால், அப்புறம் மறுபடி இடது பக்கம். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தொண்டையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கு வலியே இல்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைத்தெருவில் ஒரு பூட்டுக் கடைக்கு மேல் வீடு. தங்கை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்ன மேடம், வீட்டையும் அளக்க வந்தீங்களா?" என்றாள். அப்புறம் அவளே, "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

பிளம்பருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்துத் தோல் கருகிக் கிடந்தது. குரல் கிட்டத்தட்டப் போய்விட்டிருந்தது. தண்ணீரைச் சிறு கரண்டியால் எடுத்துக் குடித்தார். நான் யாரென்று தங்கை சொன்னதும் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். சொட்டிக்கொண்டிருந்ததாம். விருந்தாளி வந்த நேரத்தில் சொட்டினால் தொழிலுக்கு அவமானம் என்று ஜாடை காட்டினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பெஞ்சுல படுக்க முடியாமலா?" என்று கேட்டேன்.

காற்றாக ஒரு குரல் வந்தது. தங்கைதான் எடுத்துச் சொன்னாள். "பெஞ்சு பரவாயில்லையாம். கடிதத்துல 'தகுதியற்றவர்'னு போட்டிருந்ததாம். அதைப் படிச்சதும் போதும்னு தோணிடுச்சாம்."

அந்தச் சொல்லும் என்னுடையதுதான். அச்சடித்த படிவத்தில் இருக்கிறது.

திரும்பும்போது தங்கை பேருந்து நிலையம் வரைக்கும் வந்தாள். "எதாவது ஆகுமா அக்கா?" என்றாள். எப்போது மேடம் அக்கா ஆனது என்று தெரியவில்லை. "தெரியல. எழுதிப் பாக்கறேன்" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

எழுதினேன். ஒன்றரைப் பக்கக் குறிப்பு. ஒரு பக்கம் விமானத்துக்கு நாம் அளக்கும் முறை, இன்னொரு பக்கம் நோயாளிக்கு நாம் அளக்கும் முறை. நடுவே கோடு. கடைசியில், "நேர்கோட்டு விதியைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வரைவு செய்தது இக்குறிப்பை எழுதுபவரே. அது பிழை" என்று முடித்தேன்.

சுருக்கர் படித்துவிட்டு, "கடைசி வரியை எடுத்துடுங்க. தேவையில்லாம தலையைக் கொடுக்காதீங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எடுக்கவில்லை. தங்கையின் மனுவையும் சேர்த்துக் கோப்பில் கட்டி மேலே அனுப்பினேன்.

மார்ச் 28, வெள்ளி

கோப்பு இயக்குநர் மேசையில் கிடக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் தெரிகிறது. மேலே டீ கப் வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இதை வெளியில யாருக்காவது காட்டினீங்களா?"

"பக்கத்து மேசைக்காரர் படிச்சாரு மேடம். வேற யாரும் இல்ல."

"பத்திரிகைக்காரன் கையில கிடைச்சா என்னையும் சேர்த்துக் கிழிச்சுடுவான். நான் வட்டமடிச்சதை வேற கிலோமீட்டர் போட்டு எழுதியிருக்கீங்க!"

மன்னிப்புக் கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பதினோரு வருஷத்துல இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போம்?"

"எண்ணல மேடம். எண்ண பயமா இருக்கு."

பேனாவை எடுத்தார். பிளம்பருக்குச் சிறப்பு அனுமதி, கையெழுத்து. விதியைத் திருத்துவது பற்றி மே மாதக் கூட்டத்தில் வைக்கலாம் என்று ஓரத்தில் ஒரு வரி. நான் கதவருகே போனதும், "அந்த 'தகுதியற்றவர்'ங்கிற சொல்லை முதல்ல மாத்துங்க. அதுக்குக் கூட்டம் எல்லாம் வேண்டாம்" என்றார்.

வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன். அழுதேனா? கொஞ்சம்.

ஏப்ரல் 7, திங்கள்

பிளம்பர் வந்துவிட்டார். இடைவெளி நாலு வாரம். டாக்டர் நன்றாகத் திட்டினாராம், நாட்களையும் கூட்டிவிட்டாராம். மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் அறை போட்டுக் கொடுத்தேன். மாடிப்படி இல்லாத அறை.

மே 6, செவ்வாய்

கூட்டம். நான் பின்வரிசை. நேர்கோடு போய்விட்டது. இனிமேல் சாலைத் தூரம்.

கை தட்டாத குறை. ஆனால் நிதிப் பிரிவுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாலைத் தூரம்னா ஆளுங்க கூடிடுவாங்க. அப்ப எல்லையையும் கூட்டணும். நூத்தைம்பதை இருநூறு ஆக்கிடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இயக்குநர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ?

வடக்கு நெடுஞ்சாலை ஊர்கள் எனக்குத் தெரியும். அங்கே சாலை நூல் பிடித்த மாதிரி போகும். நூற்று எழுபது, நூற்று எண்பது. இன்று வரை உதவி வாங்குகிறவர்கள் நாளைக்கு வெளியே நிற்பார்கள். இது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. பிளம்பருக்கு இருநூற்று இருபத்தாறு. அவர் உள்ளே. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

வாயைத் திறக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

தங்கை போன் செய்தாள். சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. கட்டி சுருங்கிவிட்டதாம், மூன்று மாதம் கழித்துத்தான் உறுதியாகச் சொல்வார்களாம். அந்த நாலு வார இடைவெளி என்ன செய்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"பேச்சு வருதுக்கா. ரகசியம் சொல்ற மாதிரிதான் வருது. நேத்துலருந்து வேலைக்குப் போறாரு. குழாய் ரிப்பேர் பண்ண வீட்டுல இவரு ரகசியமா பேசப் பேச அவங்களும் ரகசியமாவே பதில் சொல்றாங்களாம். என்னமோ திருட வந்த மாதிரி இருக்குங்கறாரு."

இருவரும் சிரித்தோம். நான் சிரித்ததைப் பார்த்துச் சுருக்கர், "பி.ந.?" என்று கேட்டார். பிளம்பர் நலமா? ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வடக்கு நெடுஞ்சாலை ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது தாண்டியவர். வீட்டுக்காரருக்கு இதய நோய், மாதம் இரண்டு முறை இங்கே காட்ட வேண்டும். நாலு வருடமாக உதவி வாங்குகிறார்கள். இந்த மாதம் கிடையாது என்று கடிதம் போயிருக்கிறது. 188 கிலோமீட்டர்.

கடிதத்தில் இப்போது 'தகுதியற்றவர்' இல்லை. 'தற்போதைய வரம்புக்குள் வரவில்லை' என்று இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அதனால் ஒரு சுகமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"போன மாசம் வரைக்கும் கொடுத்தீங்க. இந்த மாசம் எங்க ஊரு நகர்ந்து கிட்ட வந்துடுச்சாம்மா?"

"விதி மாறிடுச்சும்மா."

"யாரு மாத்தினாங்க?"

மேலிடம் என்று சொல்லியிருக்கலாம். இந்த மாடியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். சுருக்கர் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

"மாத்தச் சொல்லி எழுதினது நான்தாம்மா. அப்ப வேற ஒருத்தருக்காக எழுதினேன். உங்களுக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சும் கூட்டத்துல பேசாம இருந்துட்டேன்."

அந்த அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப சரி. எழுதத் தெரிஞ்சவங்ககிட்டதான் வந்திருக்கேன். நான் சொல்றேன், எழுதிக்கம்மா" என்றார்.

சொன்னார். எழுதிக்கொண்டேன். இரண்டு பக்கம் வந்தது. நாளைக் காலையில் இயக்குநர் வந்ததும் நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.